கோடு விழாத சொட்டு

கமருன்னிசாவை அலுவலகத்தில் எல்லோரும் குரு என்றுதான் சொல்வார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. நாளடைவில் கிண்டல் தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. எதையாவது செய்து காட்டுவார், இல்லாவிட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். அதில் சிலருக்கு எரிச்சல் உண்டு.

சீடர் என்று பெயர் வாங்கிய செங்கோட்டுவேல் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதை இழுத்து மூடிய பிறகு புரோகிராம் எழுத வந்தார். நரைத்த தலையோடு ஒரு பெண்ணிடம் சந்தேகம் கேட்டு நிற்பது அவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போகக் கூச்சம் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். அங்கே செய்வது டூல்கிட். கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் ஜன்னல், பொத்தான், படம் எல்லாம் வரைவதற்கான சாமான். மற்ற கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்வார்கள். பொத்தானின் மேல் தெரியும் குட்டிப் படங்கள், அதாவது ஐகான்கள், செங்கோட்டுவேலின் பொறுப்பு.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு வேலை. புரோகிராம் ஒரு பெயரைச் சொல்லும். டூல்கிட் அந்தப் பெயருள்ள படத்தைத் தேடி எடுத்து, கேட்ட அளவில் வரைந்து கொடுக்கும். படங்கள் தொகுப்பு தொகுப்பாக இருக்கும். ஒரு தொகுப்புக்குத் தீம் என்று பெயர். தீம் மாறினால் எல்லாப் படங்களும் ஒரே சாயலில் மாறிவிடும். புதிய தொகுப்பில் ஏதாவது ஒரு படம் இல்லையென்றால் பழைய தொகுப்பில் தேடும்.

அங்கேயும் இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒரு நாள் செங்கோட்டுவேல் கேட்டார்.

குரு ஒரு தாளை எடுத்துக் காலிப் பெட்டி ஒன்றை வரைந்து அவர் முன்னால் தள்ளினார்.

"பார்க்க அசிங்கமா இருக்குமேங்க மேடம்."

"இருக்கும்."

செங்கோட்டுவேல் காலிப் பெட்டியையே வைத்தார்.

கொஞ்ச நாளில் புகார்கள் வரத் தொடங்கின. காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத் தங்கள் ஸ்கிரீனில் காலிப் பெட்டி தெரிவது பிடிக்கவில்லை. ஏதோ உடைந்துபோன மாதிரி இருக்கிறது என்றார்கள். குரு அப்போது தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊட்டிக்குப் போயிருந்தார். மேனேஜர் செங்கோட்டுவேலைப் பிடித்து நெருக்கினார்.

செங்கோட்டுவேலுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐகான்களின் பெயர்கள் துண்டு துண்டாக, நடுவில் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், நாம் தமிழிலேயே வைத்துக்கொள்வோம். 'பிரிண்டர்-கலர்' என்று ஒரு படம் கேட்கிறார்கள், அது இல்லை என்றால், வாலை வெட்டிவிட்டு 'பிரிண்டர்' என்று தேடினால் என்ன? பிரிண்டர் கட்டாயம் இருக்கும். காலிப் பெட்டிக்கு அது எவ்வளவோ மேல்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு அழகு பார்க்கிற கண். புதிய படங்களுக்கு நடுவே பழைய தொகுப்பிலிருந்து ஒன்று வந்து உட்கார்ந்தால் கிழிசலுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது. அதனால் பழைய தொகுப்புக்குப் போவதற்கு முன்னாலேயே, புதிய தொகுப்புக்குள்ளேயே வாலை வெட்டித் தேடும்படி எழுதினார். எல்லா ஸ்கிரீனும் ஒரே சீராக, பளிச்சென்று ஆகிவிட்டது. புகார்கள் நின்றன. மேனேஜர் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

குரு திரும்பி வந்ததும் அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பக்கத்தில் நின்ற மேனேஜர் செங்கோட்டுவேலின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். குரு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இது நடந்து வருஷம் ஓடிவிட்டது.

ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சை வார்டில், டிரிப்ஸ் மெஷின்களின் நிலவரத்தைக் காட்டும் ஸ்கிரீன்கள் கட்டிலுக்குக் கட்டில் இருந்தன. அவற்றின் புரோகிராமை வேறொரு கம்பெனி இந்த டூல்கிட்டை வைத்து எழுதியிருந்தது. மருந்து இறங்கும்போது 'சொட்டு' என்ற படம் வரும். நின்றுவிட்டால் 'சொட்டு-நின்றது' என்ற படம் வரும். அதே சொட்டுதான், குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

கண் கூசுகிறது என்று டாக்டர்கள் சொன்னதால் புதிதாக ஒரு கறுப்புத் தீம் செய்து போட்டார்கள். வரைந்தவர் 'சொட்டு' வரைந்தார். 'சொட்டு-நின்றது' வரைய விட்டுப்போயிற்று. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தையும் அழகு கருதி எடுத்துவிட்டார்கள். எழுத்து வேண்டாம், படமே பேசும் என்பது இப்போதைய மோஸ்தர்.

வெள்ளியங்கிரி என்று ஒருவர் அந்த வார்டில் கிடந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலில் பட்ட காயம் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து விடாமல் இறங்கிக்கொண்டிருந்தால்தான் உயிர். ஒரு பிற்பகலில் குழாய் எங்கோ மடங்கி மெஷின் நின்றுபோனது. புரோகிராம் 'சொட்டு-நின்றது' என்று முழுப் பெயரைச் சொல்லித்தான் கேட்டது. பழைய தொகுப்பில் அந்தப் படம் அழகாக இருந்தது. டூல்கிட் அங்கே போகவில்லை. வாலை வெட்டி, 'சொட்டு' எடுத்துக் கொடுத்தது.

மெஷினும் கத்தத்தான் செய்தது. அந்த வார்டில் ஏதாவது ஒரு மெஷின் எப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளியங்கிரி அன்று மாலையே செத்துப்போனார்.

விசாரணை என்று எல்லோரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். தீம் வரைந்தவர், எல்லாப் படத்தையும் வரைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இல்லாததைப் பழைய தொகுப்பு பார்த்துக்கொள்ளும் என்றார். புரோகிராம் எழுதியவர்கள், நாங்கள் சரியான பெயரைத்தான் கேட்டோம் என்றார்கள். நம் மேனேஜர், வாலை வெட்டுவது எங்கள் விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது யார் தப்பு என்றார். ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

வக்கீல் சொல்கிறவரை வெளியாட்களிடம் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

செங்கோட்டுவேலுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடிவிடுவார். ஒரு நாள் அப்படி மூடிவிட்டு நேராகக் குருவிடம் வந்தார்.

"காரணம் நான்தானுங்களே மேடம்?"

குரு எழுந்து அவருடைய மேஜைக்கே நடந்தார். கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்புத் தீமை ஏற்றினார். மெஷினுக்குப் பதிலாக ஒரு சின்ன சோதனைப் புரோகிராமை ஓடவிட்டார். ஸ்கிரீனில் நீலச் சொட்டு வந்தது. பிறகு மெஷின் நின்றதாகச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். நீலச் சொட்டு அப்படியே இருந்தது.

அந்த வரிகளை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று செங்கோட்டுவேல் கீபோர்டை இழுத்தார்.

"எடுத்துடலாம். முதல்ல உட்கார்ந்து இதைப் பாருங்க."

"எவ்வளவு நேரமுங்க?"

குரு போய்விட்டார்.

செங்கோட்டுவேல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டில் ஒரு குறையும் இல்லை. ஓரம் மழமழவென்று இருந்தது. கேட்ட அளவில் ஒரு படத்தை டூல்கிட் எப்படி வரைய வேண்டும், ஓரம் பிசிறடிக்காமல் இருக்க எந்தப் புள்ளியில் தொடங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர்தான். அவ்வளவு நன்றாக வந்திருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை கண் சொக்கித் தலை தொங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தார். நீலச் சொட்டுதான்.

அடுத்த நாள் வெள்ளியங்கிரியின் மனைவி சாந்தாமணி மாடியேறி வந்தார். புரோகிராம் கம்பெனியில் போய்க் கேட்டிருக்கிறார். படத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாது, அது அவர்கள் வேலை என்று இந்த அலுவலகத்தைக் கைகாட்டிவிட்டார்கள். மேனேஜர் வெளியே போயிருந்தார். படத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டதும், வாசலில் இருந்தவர் செங்கோட்டுவேலைக் கூப்பிட்டுவிட்டார்.

வெறுங்கழுத்தோடு, கையில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார் சாந்தாமணி. தண்ணீர் வேண்டாம் என்றார். சண்டை போட வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த வார்டில் அத்தனை கட்டிலுக்கும் ஒரே ஒரு நர்ஸ். பாவம், அவரும்தான் என்ன செய்வார். கூட இருப்பவர்கள் கையிலேயே ஒரு வேலையைக் கொடுத்திருந்தார். இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இரும்மா, சொட்டு இருந்தால் மருந்து போகிறது, குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தால் ஓடி வந்து என்னைக் கூப்பிடு என்று. சாந்தாமணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோடு விழுகவே இல்லீங்க சார். நான் பார்த்துட்டேதான் இருந்தனுங்க. ஆனா அதுக்கு முந்தி ரெண்டு நாளாத் தூக்கமில்லை. நடுவுல எப்பவாச்சும் கண்ணசந்துட்டனோ என்னவோ, எனக்கே தெரியலைங்க."

வீட்டில் எல்லோரும், நீ தூங்கித்தான் என் மகனைக் கொன்றாய், நீ தூங்கித்தான் எங்கள் அண்ணனைக் கொன்றாய் என்கிறார்களாம். மாமியார் இவர் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நான் கண்ணசந்த நேரத்துல கோடு விழுந்து, நான் பார்க்காம உட்டுட்டனுங்களா? அதை மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

செங்கோட்டுவேல் வாயைத் திறந்தார். மேனேஜரின் முகம் ஞாபகம் வந்தது. வக்கீல், கேஸ், பொறியியல் படிக்கிற மகன், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அது மெஷின் சமாச்சாரம், நமக்கெல்லாம் புரியாது என்றார். உங்கள் மேல் தப்பு இருக்காது என்றார். போகிற நேரம் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கத்தான் செய்தது.

சாந்தாமணி கேட்டுக்கொண்டார். "எல்லாரும் இதையேதானுங்க சொல்றாங்க" என்று எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

செங்கோட்டுவேல் உள்ளே வந்தபோது குரு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"அவங்க தூங்கின நேரத்துல கோடு விழுந்துச்சான்னு."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேனுங்க மேடம். வேற என்ன சொல்றது?"

"அதுவும் வாலை வெட்டி, பக்கத்துல கிடந்ததை எடுத்துக் குடுத்ததுதான்."

செங்கோட்டுவேலுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம்கூட வந்தது. மகன் படிப்பு முடியாத வீட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு கணம் குருவை மனதுக்குள் ஒருமையில் திட்டினார். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இறங்கி ஓடினார்.

சாந்தாமணி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். வெயில் கொளுத்தியது. செங்கோட்டுவேல் மூச்சு வாங்கிக்கொண்டே எதிரில் போய் நின்றார்.

"கோடு வரவே இல்லைங்க. வந்திருக்கவும் முடியாது. நீங்க தூங்கியிருந்தாலும் சரி, முழிச்சிருந்தாலும் சரி, அந்த ஸ்கிரீன் சொட்டைத்தான் காட்டியிருக்கும். அப்படிக் காட்டுற மாதிரி எழுதினது நான்."

அவர் புரியாமல் பார்த்தார். செங்கோட்டுவேல் மறுபடி சொன்னார். ஒரு படம் இல்லாதபோது அதற்குப் பதில் வேறொன்றைக் காட்டும்படி எழுதியதை, எதற்காக எழுதினார் என்பதை, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எழுதியதை, ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப, நான் கண்ணு மூடாமயே இருந்திருந்தாலும்?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

சாந்தாமணி அந்த நிறுத்தத்துச் சிமென்ட் பலகையில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அவருடைய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு செங்கோட்டுவேலை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஞாயித்துக்கெழமை கருமாதிங்க. சாதிசனம் பூராவும் வருவாங்க. நீங்க வந்து, இதே மாதிரி, எங்க மாமியார்கிட்டச் சொல்லோணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டார் செங்கோட்டுவேல். அடுத்த பஸ் வந்து சாந்தாமணி ஏறிப் போகும்வரை நின்றுவிட்டு மாடியேறினார்.

குரு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டுவேல் நடந்ததைச் சொன்னார். கருமாதிக்கு வரச் சொன்னதையும் சொன்னார்.

"போனா வேலை போயிருமுங்க மேடம்."

"போகும்."

"கேஸ்ல என்னைத்தான் முதல்ல மாட்டுவாங்க."

"மாட்டலாம்."

"அவங்க ஆளுக கைய நீட்டுனாலும் நீட்டுவாங்க."

"நீட்டலாம். நானும் வர்றேன். நீங்க எழுதினதை அன்னிக்கே முழுசாப் படிச்சேன். என்ன ஆகும்னு தெரிஞ்சுது. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, வாயை மூடிட்டேன். அதையும் அங்க சொல்லணும்."

செங்கோட்டுவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரு இதைத் தன்னிடம் சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெளியே மேனேஜரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவரிடமும் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். அந்த வரிகளை எடுத்ததும் எத்தனையோ ஸ்கிரீன்களில் காலிப் பெட்டிகள் தெரியப் போகின்றன, எத்தனையோ பேர் போன் போட்டுத் திட்டப் போகிறார்கள். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எல்லாத்தையும் அங்க போய்ச் சொல்லிட்டா, அப்புறம் எனக்கு இது ஆறிருமுங்களா?"

குரு அவரைப் பார்த்தார்.

"தெரியாது, சார்."

பக்கத்தில் கிடக்கும் ஆறுதல் ஏதாவது எடுத்துக் கொடுப்பார் என்று செங்கோட்டுவேல் கொஞ்ச நேரம் நின்றார். குரு கொடுத்தது அந்தக் காலிப் பெட்டி மட்டும்தான்.